மத்தியானத்தில் மட்டும் போகும் நெட்

செல்லப்பாண்டி சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தினாள். அறுபத்திரண்டு வயதுவரை தட்டு கழுவித் தெரியாத மனிதர். பெண்டாட்டி போய் முப்பத்தைந்து நாளில் அதைப் பழகியிருந்தார். அதுவும் அரைகுறைப் பழக்கம்தான், விளிம்பில் எப்போதும் கொஞ்சம் குழம்பு காய்ந்து ஒட்டியிருக்கும்.

"அம்மா இருக்காகளா அய்யா? நான் மகாலட்சுமி. உத்தமபாளையத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். நெட்டு மறுபடியும் போகுதுன்னு போன் போட்டிருந்தாக. நான் தங்கச்சி பிரசவத்துக்குத் திருப்பூர் போனவ, ஒரு மாசம் அங்கனயே இருந்துட்டேன். கோவமா இருக்காகளோ என்னமோ."

செல்லப்பாண்டி ஈரக்கையால் கூடத்துச் சுவரைக் காட்டினார். சுவரில் பெண்டாட்டி பொன்னாத்தாள் படமாக மாலை போட்டுக்கொண்டிருந்தாள். படத்துக்கு முன்னால் சிவப்பு ஜீரோ வாட் பல்பு ஒன்று இரவும் பகலும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

மகாலட்சுமி பையைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஏழு தடவ வந்திருக்கேன் அய்யா. ஒரு தடவகூட காப்பி குடிக்காம விட்டதில்ல" என்றாள்.

"எதுக்கு ஏழு தடவ?"

"நெட்டு பாக்கத்தேன்."

"அவளுக்கு எதுக்குத் தாயி நெட்டு?"

மகாலட்சுமியின் முகத்தைப் பார்த்தபோதே செல்லப்பாண்டிக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "வேல்விழி கூடப் பேசத்தேன் அய்யா. செவ்வாயும் வெள்ளியும். மத்தியானம் ரெண்டரைக்கு."

வேல்விழி அவருடைய ஒரே மகள். பிறந்த நாளிலிருந்து அவளை ஆத்தா என்றுதான் கூப்பிட்டார், பெயரைச் சொன்னதே இல்லை. கல்லூரி முடித்த கையோடு நெடுங்கண்டத்து மலையாளப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். இப்போது பஹ்ரைனில் இருக்கிறாள், ஆறு மாதக் கைக்குழந்தையோடு. போன புதிதில் மூன்று தடவை வீட்டுக்குப் போன் செய்தாள். மூன்று தடவையும் செல்லப்பாண்டி குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பேச்சே எழவில்லை. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. அதை அவருடைய ஊரான தேவாரத்தில் சிலர் கௌரவம் என்று சொன்னார்கள். அவரும் அதை நம்பிவிட்டார்.

பொன்னாத்தாளைத் தூக்குவதற்கு முன்னால், கூடியிருந்த சனத்திடம் அவர் சத்தமாகவே சொன்னார். "அவளுக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. சொன்னவுக என் வாசப்படிய மிதிக்க வேணாம்." ஊர் கேட்டுக்கொண்டது. பாதிப் பேர் அவருக்குப் பயந்து, பாதிப் பேர் அவள் நம்பர் தெரியாமல். பெற்ற தாய் செத்ததை மகளுக்குச் சொல்லாதே என்று ஒரு மனுசன் சொல்லும்போது, எதிர்த்துக் கேட்க ஒரு வாய்கூடவா இல்லை என்று நினைக்கத் தோன்றுகிறது. இல்லை. அதுதான் உண்மை.

"வேல்விழிக்குத் தெரியுமா அய்யா?" என்று கேட்டாள் மகாலட்சுமி.

செல்லப்பாண்டி தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"தெரியாதா? அப்ப அந்தப் புள்ள லைன் ரிப்பேருன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்குமே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த முப்பத்தைந்து நாளில் வீட்டுப் போன் ஆறேழு தடவை அடித்திருந்தது. அவர் எடுத்து அலோ என்றதும் அந்தப் பக்கம் பேசாமல் வைத்துவிடுவார்கள். ராங் நம்பர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மாடி அறையில் இருந்த கம்ப்யூட்டர் மகளின் படிப்புக்காக வாங்கியது. டெலிபோன் கீழே கூடத்தில் இருந்தது. மாடிக்கு வயர் இழுக்கச் சுவரைத் துளைக்க வேண்டும் என்றார்கள். புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று செல்லப்பாண்டி குதித்தார். அதனால்தான் வைஃபை வந்தது. டெலிபோனுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும் ஒரு மோடம், மாடியில் கம்ப்யூட்டர், நடுவில் பதினாறு படி. மகள் போனபிறகு அதையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார். "கெடக்கட்டும், என்ன சோறா கேக்குது" என்று பொன்னாத்தாள் தட்டிக்கழித்துவிட்டாள். அவள் அடிக்கடி மாடிக்குப் போவது அவருக்குத் தெரியும். மகளின் கட்டிலில் உட்கார்ந்து அழப் போகிறாள் என்று நினைத்தார். அந்த அளவுக்கு அழுகையை அனுமதிக்கலாம் என்று பெரிய மனசு பண்ணி விட்டுவைத்திருந்தார்.

இப்போது மகாலட்சுமியின் பின்னால் அவரும் படியேறினார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது, யாரும் அதில் உட்கார்ந்து அழுத மாதிரித் தெரியவில்லை. நாற்காலியில்தான் தலையணை ஒன்று போட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகியிருந்தது. மேசைமேல் குட்டிக் கேமரா ஒன்று, தூசி படாமல் பொன்னாத்தாளின் ரவிக்கைத் துணியில் தைத்த உறை மாட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் நாள்காட்டியில் கிழித்த தாள்களை ஊக்கு போட்டு ஒரு கட்டாக வைத்திருந்தாள். பின்பக்கம் முழுக்க அவள் எழுத்து.

மகாலட்சுமி கம்ப்யூட்டரைப் போட்டு அது உயிர்வருகிறவரை காத்திருந்தாள். செல்லப்பாண்டி தாள்களைப் புரட்டினார். முதல் தாளில் மகள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது போலிருந்தது. 'நெட்டு போனால் கீழே போய் லைட்டுப் பெட்டியை அமத்தணும். பத்து எண்ணணும். திரும்பப் போடணும். பச்சை லைட் மூணு வந்த பிறகு மேலே வரணும்.' அடுத்தடுத்த தாள்களில் லைன் கட்டான கிழமையும் நேரமும். 'வெள்ளி, 2.40, கட்டு.' 'செவ்வாய், 2.50, கட்டு. பாப்பா சிரிக்கும்போது முகம் பாதியில் நின்றுவிட்டது.' 'வெள்ளி, 2.45, கட்டு. மூணு தடவை ஏறி இறங்கியும் வரவில்லை.' 'பாப்பாவைக் குளிப்பாட்டுவதைக் காட்டுகிறேன் என்றாள். தண்ணீர் ஊற்றும்போது கட்டு.' ஒரு தாளில்கூட குறை தீர்ந்ததாக எழுதவில்லை.

கடைசித் தாள் பிப்ரவரி ஒன்பது, செவ்வாய். '2.45, கட்டு.' அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அந்தத் தேதியை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அன்றைக்குத் தோட்டத்திலிருந்து அவர் திரும்பி வந்தபோது பொன்னாத்தாள் மாடிப்படியில், ஏழாவது படியில், சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். மகள் ஞாபகத்தில் அழுதுவிட்டு இறங்கும்போது அசந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்து, "இன்னும் என்னடி அழுக, எந்திரி" என்று அதட்டினார். இரண்டு தடவை அதட்டினார். மூன்றாவது தடவைதான் தொட்டுப் பார்த்தார்.

"நெட்டு நல்லாத்தேன் இருக்கு அய்யா" என்றாள் மகாலட்சுமி. "வைஃபை முழுசா எடுக்குது. நான் வந்த ஏழு தடவையும் இப்படித்தேன். நான் பாக்கும்போது ஒரு கொறையும் இருக்காது. நான் போனதும் போயிரும். கம்ப்யூட்டர மாத்தி உக்கார வச்சுப் பாத்தேன், மோடத்த மாத்திப் பாத்தேன், பாஸ்வேர்ட மாத்திப் பாத்தேன். பீரோ மறைக்குதோன்னு பீரோவ நகட்டுனோம், நானும் அம்மாவும். ஒண்ணும் பிடிபடல."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் டொக் டொக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. முப்பத்தைந்து நாளாகத் தேங்கிக் கிடந்த மகளின் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. செல்லப்பாண்டியின் கண்ணாடி கீழே இருந்தது. மகாலட்சுமிதான் வாசித்தாள்.

"'அம்மா, லைட்டுப் பெட்டிய அமத்திப் போட்டியா?' 'அம்மா, மகாலட்சுமி அக்காவக் கூப்பிடு.' 'பாப்பா நேத்துக் குப்புற விழுந்துட்டாம்மா. வீடியோ எடுத்து வச்சிருக்கேன்.' 'இன்னும் சரியாகலையா? அவ்வளவு பெரிய ரிப்பேரா?' 'போன் பண்ணேன், அப்பா எடுத்தாக. வச்சிட்டேன். அப்பாவுக்கு ஏன் குரல் கம்மியிருக்கு? ஒடம்புக்கு ஏதுமா?'"

"போதும் தாயி" என்றார் செல்லப்பாண்டி.

மணி இரண்டு பத்து. அன்றைக்கும் செவ்வாய்க்கிழமை. இன்னும் இருபது நிமிடத்தில் வேல்விழி கூப்பிடுவாள் என்றாள் மகாலட்சுமி.

"நீயே சொல்லிரு."

"நான் மாட்டேன் அய்யா."

"எனக்கு அவ கூடப் பேச்சுவார்த்த கெடையாது."

"அதுக்கு நான் என்ன செய்ய? அம்மா போனத அப்பா சொல்லணும். ரிப்பேர் பாக்க வந்தவளா சொல்றது?"

முகத்தில் அடித்தாற்போல அவள் சொன்னதும் செல்லப்பாண்டிக்கு அங்கே நிற்க முடியவில்லை. "வாழ காயுது. தண்ணி எடுத்து விட்டுட்டு வாறேன்" என்று படியிறங்கினார். ஓடி ஒளிவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே இடம், வீட்டுக்குப் பின்னால் வாழைக்குள் இருந்த மோட்டார் ரூம்தான். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது.

கிணற்று மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் காலையில்தான் வரும், பன்னிரண்டு மணியோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு டூ பேஸ். விளக்கெரிக்க அது போதும், மோட்டார் ஓடாது. ஆனால் கண்டன்சர் என்ற டப்பாவை மாட்டிவிட்டால் டூ பேஸிலும் மோட்டார் முக்கி முனகி ஓடிவிடும். கூடாதுதான். ஊரில் பாதித் தோட்டத்தில் அப்படித்தான் ஓடுகிறது. மதியம் சாப்பிட்டு, வரப்பைச் சுற்றி வந்து, இரண்டே முக்கால் வாக்கில் கண்டன்சர் போட்டு மோட்டாரை எடுத்துவிடுவது பல வருடமாகச் செல்லப்பாண்டியின் பழக்கம். இன்றைக்கு வரப்பைச் சுற்றவில்லை. நேராகப் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று விழுந்தது. அந்த இரைச்சலில் ஒன்றும் நினைக்காமல் நிற்கலாம் என்று பார்த்தார்.

இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. மகாலட்சுமி வாழைக்குள் ஓடிவந்தாள்.

"அய்யா, போச்சு. இப்பத்தேன் போச்சு. மோடத்துல லைட்டெல்லாம் அமந்து அமந்து எரியுது. அம்மா படத்து பல்பும் மங்கிருச்சு."

"பல்பா?"

"ஆமா, அணையப்போற கணக்கா இருக்கு."

செல்லப்பாண்டி முப்பது வருடமாக மோட்டார் ஓட்டுகிறவர். பல்பு மங்கியது என்று சொன்னதும் மற்றதெல்லாம் அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ராத்திரியில் கண்டன்சர் போட்டால் டியூப்லைட் துடிப்பதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். பகலில் வீட்டில் யார் விளக்குப் போடுகிறார்கள், மங்குவதைப் பார்க்க? இப்போது படத்துக்கு முன்னால் ஒரு பல்பு பகலிலும் எரிகிறது. அது எரிய வேண்டுமென்றால் பொன்னாத்தாள் சாக வேண்டியிருந்தது.

சிவப்புப் பொத்தானை அமுக்கி மோட்டாரை நிறுத்தினார். "தாயி, நீ இங்கன நில்லு. நான் சொன்னா பச்சைய அமுக்கு, சொன்னா செவப்ப அமுக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். கூடத்தில் நின்றுகொண்டு சத்தம் கொடுத்தார். மோட்டார் ஓடியது, பல்பு சுருங்கியது, மோடத்தின் மூன்று பச்சை விளக்கும் போய்விட்டன. மோட்டார் நின்றது, பல்பு நிமிர்ந்தது, கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு தடவை போதும். அவர் மூன்று தடவை அமுக்கச் சொன்னார்.

திரும்பி வந்த மகாலட்சுமியும் தலையில் கைவைத்துக்கொண்டாள். "எனக்குத் தோணாமப் போச்சே அய்யா. மேல கம்ப்யூட்டருக்கு பேட்டரிப் பொட்டி இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகாது. மோடம் கீழ வெறும் பிளக்குல கெடக்கு. ஓல்டேஜ் எறங்குனா அது செத்துரும். நான் வந்ததெல்லாம் காலையில, த்ரீ பேஸ் நேரத்துல. அதுல மோட்டார் ஓடுனாலும் ஒண்ணும் ஆகாது. மத்தியானம் ஒரு தடவ வந்திருந்தா..."

செல்லப்பாண்டி கேட்டுக்கொண்டிருந்தாரா என்று தெரியவில்லை. தோட்டத்துக்குப் போகிறேன் என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டதும் பொன்னாத்தாள் "ம், போயிட்டு வாங்க" என்பாள். அந்தக் குரலில் ஒரு சந்தோசம் இருந்ததை இப்போதுதான் கேட்டார். அவர் வரப்பைச் சுற்றுகிற நேரம்தான் அவளுக்குக் கிடைத்த நேரம். பத்து நிமிடம், மிஞ்சினால் இருபது. அவர் எப்போது வெளியே போவார் என்று காத்திருந்து அவள் படியேறினாள். அவர் வெளியே போனதே அந்தப் பொத்தானை அமுக்கத்தான். பிறகு அவள் பதினாறு படி இறங்கி, மோடத்தை அமத்தி, பத்து எண்ணி, மறுபடி பதினாறு படி ஏறினாள். ஒவ்வொரு செவ்வாயும், ஒவ்வொரு வெள்ளியும். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு.

"நாந்தேன்" என்றார். "வேற ஒரு ரிப்பேரும் இல்ல. நாந்தேன்."

அப்படியே ஏழாவது படியில் போய் உட்கார்ந்தார். சுவரில் அவள் தலை சாய்ந்திருந்த இடத்தைக் கையால் தடவினார். புதுச் சுண்ணாம்பு அடித்துத் துளைக்கக் கூடாது என்று அவர் காப்பாற்றி வைத்த சுவர். அறுபத்திரண்டு வயது மனிதர், ஊருக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கொள்ளி வைத்தவர், அந்தச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு சத்தம்போட்டு அழுதார். மகாலட்சுமி, "நீங்க தெரிஞ்சா செஞ்சீக" என்றாள்.

மாடியில் மணி அடித்தது. பூம் பூமென்று கம்ப்யூட்டர் கூப்பிடும் சத்தம்.

"வேல்விழிதேன்" என்றாள் மகாலட்சுமி. "அய்யா, எந்திரிங்க."

மீதி ஒன்பது படியையும் அவர் எப்படி ஏறினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. தலையணை போட்ட நாற்காலியில் மகாலட்சுமி அவரை உட்காரவைத்தாள். மவுஸை நகர்த்தி ஓரிடத்தில் அமுக்கிவிட்டு, அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உறை மாட்டிய கேமராவை அவளும் மறந்துவிட்டாள்.

திரையில் முதலில் வந்தது குழந்தைதான். முகம் முழுசாக வந்தது, எங்கேயும் உடையாமல், நிற்காமல். பொக்கை வாய். பொன்னாத்தாளின் நெற்றி அப்படியே. பின்னால் வேல்விழி குழந்தையை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள். இளைத்திருந்தாள்.

"அம்மா! அப்பாடி, வந்துட்டியா. ஒரு மாசமா எனக்குச் சோறே எறங்கல. பாரு, பாப்பா உன்னத் தேடுறா. அம்மா? ஒரே இருட்டா இருக்கு. கேமரா ஒறைய எடுக்கலையா?"

செல்லப்பாண்டி வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"கேக்குதாம்மா? நான் பேசுறது கேக்குதா? மைக் வயரு பின்னாடி ரோஸ் ஓட்டையில சொருகியிருக்கான்னு பாரு." அவள் காத்திருந்தாள். குழந்தையின் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டாள். "அம்மா? படமும் வரல, சத்தமும் வரல. மறுபடியும் லைனு சரியில்ல போல. நீ கீழ எறங்கிப் போயி அமத்திப் போட்டுக்கிட்டு இருக்காத. மூச்சு வாங்கும் உனக்கு. அந்தப் படி ஏறவே கூடாது நீ. விடு, நான் வெள்ளிக்கிழம கூப்பிடுறேன். வச்சிரவா?"

அவள் கை திரைக்கு அருகில் வந்தது. லைனைக் கட் ஆக விட்டுவிட்டால் போதும், வெள்ளிக்கிழமை வரை தப்பிக்கலாம். அதற்கடுத்த செவ்வாய் வரைகூடத் தப்பிக்கலாம். மகள் லைனைத்தான் குறை சொல்லுவாள். இரண்டு வருடமாக எல்லாப் பழியையும் லைன்தானே சுமந்தது.

செல்லப்பாண்டி கேமராவின் உறையைப் பிடித்து இழுத்தார்.

"லைனு நல்லாத்தேன் இருக்கு ஆத்தா" என்றார். "உங்கம்மாதேன் இல்ல."

திரையில் வேல்விழி அசையவில்லை. வாய் பாதி திறந்தபடி, நீட்டிய கை நீட்டியபடி நின்றது. படம் நின்றுவிட்டதோ என்று அவர் ஒரு கணம் நினைத்தார், நின்றிருக்கக்கூடாதா என்றும் நினைத்தார். ஆனால் அவள் மடியில் குழந்தை இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.